மூடியில் வெட்டிய பேர்

திங்கட்கிழமை விடிந்தால் ஆவுடைத்தாய்க்குக் கை ஓரிடத்தில் நிற்காது. உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்புப் போடுவாள். பூட்டின கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். மில் ஆஸ்பத்திரிக்கு எட்டு மணிக்குப் போனால் போதும். அவள் ஏழே காலுக்கே போய்ச் சாவிக்காரன் முன்னால் நிற்பாள். "என்னக்கா, ஆஸ்பத்திரிய ஒம் பேருக்கு எழுதி வச்சிட்டாங்களா?" என்று அவன் கேலி பண்ணுவான். பண்ணிவிட்டுப் போகட்டும். நாலு மாதமாக அவள் அங்கே செய்துகொண்டிருந்த காரியம் வெளியே தெரிந்தால் மானம் போகும், வேலை போகும், மில் லைனில் இருக்கிற வீடும் போகும். எல்லாம் போனாலும் புருஷன் போய்விடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வேங்கைமலை மில் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருந்தது. ரெண்டாயிரத்து அறுபதுக்குள் ஊர்ப்பட்ட வேலைக்கெல்லாம் எந்திரக் கை வந்தாயிற்று. பஞ்சு மில்லுக்கும் வந்தது. ஆனால் பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற கார்டிங் பகுதியில் அந்தக் கைகளின் மூட்டில் தூசி ஏறி, மாதம் ரெண்டு தடவை படுத்துக்கொண்டன. மனுஷன் அப்படிப் படுக்க மாட்டான், பத்து வருஷம் தாங்குவான். ஆகவே எந்திரத்தைக் காப்பாற்ற மனுஷனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சிரிக்காதீர்கள், கூப்பிட்ட கடிதத்தில் அதைப் பெருமையாகத்தான் எழுதியிருந்தது.

தூசிக்குள் நிற்கிறவனுக்கு நெஞ்சு என்ன ஆகிறது என்று பார்க்க மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊதுமருந்து வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை உறிஞ்சினால் போதும். மூச்சுக்குழாயில் சளி ஊறுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ஊறுகிற சளியில் ஒரு சாயத்தைச் சேர்த்துவிடும். நெஞ்சு நன்றாக இருந்தால் துப்பின சளி வெள்ளையாகவே கிடக்கும். நோய் தொடங்கி, சளி கெட்டிப்பட ஆரம்பித்திருந்தால், துப்பி ஒரு மணி நேரத்தில் அது நீலமாகிவிடும்.

மில்லில் இருக்கிற எல்லாருக்கும் மருந்தோடு ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணமும் மூடியும் கொடுத்தார்கள். நம் ஊரில் பாத்திரம் என்று ஒன்று கைக்கு வந்தால் பேர் வெட்டாமல் விடுவோமா? கிண்ணத்தின் அடிப்பாகம் எந்திரத்தில் பொருந்தி உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டதால், மூடியில் வெட்டினார்கள். திங்கட்கிழமைதான் பஞ்சாலைக்காரர்களுக்கு நெஞ்சு இறுகுகிற நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தூசியை மறந்த நெஞ்சு, மறுநாள் அதைப் பார்த்ததும் முரண்டு பிடிக்கும். அதனால் பரீட்சையும் திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்குக் காறித் துப்பி மூடி வைக்க வேண்டும்.

அவர்கள் வீட்டில் மூடி வைக்கிற வேலை புருஷன் முப்பிடாதியுடையது. "சளி மூஞ்சில நீ வீட்லயும் முழிக்காதட்டி. நாள் பூரா அதத்தான பாக்கப் போற" என்பான். ரெண்டு கிண்ணத்தையும் வெளிப்புறம் துடைத்து, மூடி, அவள் கூடையில் அவனே வைப்பான்.

ஆஸ்பத்திரியில் ஆவுடைத்தாய் கிண்ணங்களைத் திறந்து ஒவ்வொன்றாக எந்திரத்தில் வைப்பாள். அந்த எந்திரத்துக்கு நிறம் மட்டும்தான் தெரியும், ஆளைத் தெரியாது. யார் எவர் என்று உடம்பைத் துழாவுகிற வேலை வேண்டாம் என்று சங்கம் போராடி வாங்கின ஷரத்து அது. எட்டரைக்கு மைதானத்தில் மைக்கைப் பிடித்து அவளே வாசிப்பாள். பேர், பகுதி, நிறம். நீலம் என்றால் அன்றோடு வேலை முடிந்தது, லைன் வீடும் முடிந்தது. ஆளைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் நெஞ்சைக் கழுவுவார்கள். முதல் வருஷம் கழுவப் போன ஐந்து பேரில் இரண்டு பேர் கட்டிலிலேயே போய்விட்டார்கள். அதில் ஒருத்தி ஆவுடைத்தாயின் அக்கா பிச்சம்மாள். அதற்குப் பிறகு போனவர்கள் யாரும் லைனுக்குத் திரும்பி வரவில்லை.

இப்படி இருக்கும்போது, நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, 'முப்பிடாதி' என்று வெட்டிய மூடியைத் திறந்தாள். உள்ளே நீலம். சொட்டு நீலத்தைக் கரைத்தமாதிரி பளிச்சென்று நீலம். அக்காவைக் கழுவக் கூட்டிப்போன வண்டியின் பின்கதவு கண் முன்னால் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். நீலத்தைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தன் பேர் வெட்டிய மூடியைத் திறந்தாள். வெள்ளை. கெட்டித் தயிரைப் பங்கு வைக்கிறதுபோல அதில் பாதியை அவன் கிண்ணத்துக்கு மாற்றினாள். அன்றைக்கு மைக்கில் வாசித்தாள். "முப்பிடாதி, கார்டிங், வெள்ளை."

அந்த மனுஷன் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். தூசி தொண்டையில் நிற்காமல் இறங்கட்டும் என்று ஷிப்ட் முடிந்ததும் மில்லில் ஆளுக்கொரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அவன் ஒரு வார வெல்லத்தைத் தின்னாமல் சேர்த்து வைத்திருந்தான். அவள் 'வெள்ளை' என்று வாசித்ததும் கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்கிறவன்போல வரிசை வரிசையாகப் போய்க் கொடுத்தான். "தின்னுங்கய்யா, நல்ல சேதி, தின்னுங்க" என்றான். அதுமுதல் எல்லாத் திங்கட்கிழமையும் இதே கூத்து. 'இந்தக் கிறுக்கனுக்குத் தன் நெஞ்சு அவ்வளவு ஒசத்தியா' என்று அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வரும்.

வீட்டில் அவன் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தான். பொழுது அடைந்ததும் பாலில் பனங்கற்கண்டும் மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சி அவள் கையில் கொடுப்பான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்தவனில்லை. அவள் மிளகாய் வறுத்துவிட்டு இருமினால் ஓடிவந்து ஜன்னலைத் திறப்பான். தன்னைக் கவனிக்க வேண்டிய ஆள் என்னைக் கவனிக்கிறானே என்று அவள் மருகுவாள். அவனிடம் சொல்லலாம் என்று வாயெடுப்பாள். சொன்னால் பயந்தே படுத்துவிடுவான் என்று வாயை மூடிக்கொள்வாள்.

சனிக்கிழமை மானேஜர் தண்டபாணி ஆஸ்பத்திரிக்குள் ஒரு சுவரொட்டியோடு வந்தார். அதில் முப்பிடாதி ஈயென்று சிரித்துக்கொண்டிருந்தான். மேலே 'இரும்பு நெஞ்சர்' என்று போட்டிருந்தது.

"ஆவுடை, ஒன் வீட்டுக்காரன் பெரிய ஆளாயிட்டான்" என்றார் அவர். "பத்தொம்பது வருசம் கார்டிங். பத்து வருசத்துக்கு மேல நின்னதுல வெள்ளையா மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான். தலைமை ஆபீஸ்ல கேக்காங்க, தூசிதான் காரணம்னா இவனுக்கு ஏன் வரல? மத்தவனெல்லாம் பீடி குடிச்சுக் கெட்டிருப்பான்."

மில் டாக்டர் மெஹருன்னிசா நாற்காலியிலிருந்து எழுந்தார். காயல்பட்டினத்துப் பெண், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. "அதுக்கு என்ன சார் இப்போ?"

"தூசி உறிஞ்சுற மெஷின் ராப்பகலா ஓட வேண்டாம்ங்காங்க. பாதி நேரம் போதும். திங்கக்கிழமை இவனுக்குப் பொன்னாடை போத்துறோம், அன்னைக்கே மத்தியானம் மெஷின நிறுத்துறோம்."

"ஒரே ஒரு ஆளை வச்சா? அறுநூறு பேர் இருக்காங்க சார்."

"நீங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்தானம்மா" என்று சொல்லிவிட்டு அவர் சுவரொட்டியைச் சுவரில் ஒட்டச் சொல்லிப் போனார்.

ஆவுடைத்தாய் கையிலிருந்த கிண்ணத்தை மூன்றாவது தடவையாகக் கழுவினாள். தான் ஒரு கிண்ணத்தில் ஊற்றிய பொய், அறுநூறு பேர் வாய்க்குள் போகப்போகிறது. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"டாக்டரம்மா, இந்தச் சளி கெட்டதுதான? பெறகு ஏன் ஒடம்பு அத ஊற வைக்குது?"

"கெட்டதுன்னு யார் சொன்னா? அதுதான்க்கா காவல்" என்றார் டாக்டர். "மூச்சுக்குழாய் சுவர்ல மெல்லிசா ஒரு பூச்சு மாதிரி இருக்கும். உள்ள வர்ற தூசி, கிருமி எல்லாம் அதுல ஒட்டிக்கும். அடியில கண்ணுக்குத் தெரியாத மயிர் கோடிக்கணக்குல இருக்கு. ஒரே சீரா அசைஞ்சு, அந்தப் பூச்சை அழுக்கோட சேர்த்து மேல தள்ளிக்கிட்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததும் நமக்கே தெரியாம முழுங்கிடுவோம். நாள் பூரா நடக்குது."

"பெறகு எங்க கெடுது?"

"தூசி அளவுக்கு மீறினா, உடம்பு பயந்துபோய்ச் சளியை அதிகமா ஊற வைக்கும். தண்ணி சுண்டி, கோந்து மாதிரி ஆயிடும். மயிரால தள்ள முடியாது. சின்னச் சின்னக் குழாயா அடைச்சுக்கிட்டே வரும். அந்தக் கோந்துதான் நீலமாத் தெரியுது."

ஆவுடைத்தாய் கிண்ணத்தைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். "அப்படி ஒருத்தருக்கு நீலம் வந்து, அத மறைச்சு வச்சிருந்தா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆரம்பத்துல கழுவினா முழுசா சரியாயிடும். நாலஞ்சு மாசம் விட்டா, அடைச்ச இடத்துல பாதிதான் திரும்பக் கிடைக்கும்."

"கழுவப் போனா யாரு தாயி திரும்பி வாரா? எங்க அக்கா வந்தாளா?"

"அது முதல் வருஷம்க்கா. மருந்தை மாத்தியாச்சு. போன வருஷம் போன பதினோரு பேரும் நல்லா இருக்காங்க. நான் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப ஒருத்தரையும் இங்க காணுமே?"

"வீட்டைப் பிடுங்கிட்டா எங்கக்கா வருவாங்க? திருப்பூர்ல ஒருத்தர், தேனியில ஒருத்தர்னு எங்கெங்கேயோ இருக்காங்க. இங்க வராததால நீங்க எல்லாரும் செத்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டீங்க."

அடப்பாவி மக்கா என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பயந்தா இத்தனை நாள் புருஷனின் நெஞ்சை அழுக விட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் உட்காரவில்லை. துவைத்த சேலையை மறுபடி நனைத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினாள். முப்பிடாதி பொன்னாடைக்கென்று வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னட்டி, கால்ல சக்கரமா கட்டிருக்கு? செத்த இரேன்."

"இந்தாருங்க, ஒங்களுக்கு மூச்சு எப்படி இருக்கு? மாடி ஏறினா வாங்குதா?"

"எனக்கென்ன, இரும்புல்லா?" என்று அவன் நெஞ்சில் தட்டிக் காட்டினான். "ஒனக்கு எப்படி இருக்கு? அதச் சொல்லு."

"எனக்கு என்ன கேடு? நான் கார்டிங்க விட்டே ஒம்பது வருசம் ஆச்சு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஏதோ திருப்திப்பட்டவன்போலத் தலையாட்டிவிட்டு, பாலை அடுப்பில் வைத்தான். அந்தப் பாலைக் குடித்து முடிக்கிற வரைக்கும் சொல்லிவிட நினைத்தாள். சொல்லவில்லை.

திங்கட்கிழமை. மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் ஆவுடைத்தாய் முதலில் எடுத்தது அவன் மூடியைத்தான். நீலம். இந்தத் தடவை தொட்டிப் பக்கம் போகவில்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, கூடவே மூடியையும் வைத்தாள்.

"நாலு மாசமாத் தாயி. எல்லா வாரமும் நீலம். நான்தான் எங்கிண்ணத்துலருந்து பங்கு வச்சு ஊத்தினேன். என்னைப் போலீஸ்ல வேணும்னாலும் குடுங்க. அவர மட்டும் இன்னைக்கே கழுவக் கூட்டிப் போங்க."

டாக்டர் மூடியில் இருந்த பேரைப் படித்தார். சுவரில் சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தார். ஆளனுப்பி முப்பிடாதியைக் கூப்பிட்டார்.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு அவன் வந்தான். சட்டைப்பை வெல்லத்தால் புடைத்திருந்தது. ஆவுடைத்தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க. ஒங்க மூடிக்குள்ள நீலம் இருந்தது. நீங்க பயந்திருவீங்கன்னு நான் மாத்திட்டேன்."

அவன் கேட்ட கேள்வி அவள் எதிர்பார்த்தது இல்லை.

"என்னைக்கு?"

"எல்லா வாரமும்."

"எல்லா வாரமுமா? ஒரு வாரம்கூட வெள்ளையா இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுட்டி, ஒரு வாரம்கூடவா?"

"இல்லங்க."

முப்பிடாதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டைப்பையிலிருந்து வெல்லக்கட்டிகள் உருண்டன. பெரிய மனுஷன், சின்னப் பிள்ளைபோல வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அழாதீங்க, இப்பக் கழுவுறது நல்லா வந்திருச்சாம், பதினோரு பேரு..."

"அது என் சளி இல்லட்டி" என்றான் அவன். "ஒன்னுது."

அவளுக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டதுபோல. அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு மாசத்துக்கு முன்ன, ஒரு ஞாயித்துக்கெழம, நீ தொவைக்கிற கல்லுப் பக்கம் இருமித் துப்பிட்டுப் போன. கொஞ்ச நேரம் கழிச்சு நான் அங்க போனா, கல்லு மேல நீலமா இருந்துச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. கழுவல்னாலே ஒனக்கு ஒங்க அக்கா நெனப்பு வந்து நடுங்குவ. அதான் மறுநாள் ஒன் கிண்ணத்துக்கு எம்பேரு மூடிய மாத்தி வச்சேன். எம்பேருல நீலம் வந்தா நம்மள லைன விட்டு அனுப்பிருவாங்க. பட்டணத்துல படம் எடுத்துப் பாத்தா என் நெஞ்சு நல்லாருக்குன்னு தெரிஞ்சுரும், விட்ருவாங்க. ஒன்னையும் கூட்டிக்கிட்டு மலைக்காத்துப் பக்கம் போயிரலாம்னு நெனச்சேன்."

"பெறகு?"

"பெறகு நீ மைக்குல வெள்ளைன்னு வாசிச்ச. ஒரு தடவ வந்து போயிருச்சு போல, பால் கேட்டுருச்சு போலன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாரமும் மூடிய மாத்தி வச்சேன். எம்பேருக்கு நேரா வெள்ளைன்னா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம். அதுக்குத்தான் வெல்லம் குடுத்தேன். எனக்கா குடுத்தேன்?"

மிளகாய் வறுத்த இருமல், மாடிப்படியில் நின்று வாங்கின மூச்சு, சாயங்காலப் பால் எல்லாம் ஒன்றாக ஆவுடைத்தாய் கண் முன்னால் வந்து நின்றன. தொட்டியில் பதினேழு வாரம் கவிழ்த்துத் தண்ணீர் விட்டு அனுப்பியது தன்னுடைய நெஞ்சைத்தான். பாவி, என் கையாலேயே!

"சொல்லியிருக்கலாமேய்யா" என்றாள். அவளும் சொல்லவில்லை என்பது அடுத்த நொடியே ஞாபகம் வந்தது.

டாக்டர் அவள் முதுகில் குழல் வைத்துக் கேட்டார். ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டார். "மத்தியான வண்டியில போறோம்க்கா. நானும் வர்றேன்" என்றார். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குக் கேட்டது.

வெளியே மைக்கில் தண்டபாணி கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "நமது இரும்பு நெஞ்சர் மேடைக்கு வரவும்!"

"அப்ப அந்த ஆளு சொல்லுறது உண்மையாயிருமா தாயி?" என்று ஆவுடைத்தாய் கேட்டாள். "இவருது நெசமாவே வெள்ளைதான?"

"வெள்ளைதான். சில பேருக்குப் பிறவியிலேயே அந்தத் தள்ளுற வேலை பலமா இருக்கும். அது அதிர்ஷ்டம்க்கா, ஒருத்தருக்கு அடிக்கும். அதை வச்சு அறுநூறு பேர் மூச்சை அளக்கக் கூடாது. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

ஆவுடைத்தாய் கண்ணைத் துடைத்தாள். மேஜையில் இருந்த நீலக் கிண்ணத்தின் மேல் தன் பேர் வெட்டிய மூடியை வைத்து அழுத்தினாள். கூடையில் இருந்த வெள்ளைக் கிண்ணத்தின் மேல் புருஷன் மூடியை வைத்தாள். ரெண்டையும் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

மேடையில் தண்டபாணி பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த முப்பிடாதியின் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, "ஆனந்தக் கண்ணீர்!" என்று மைக்கில் அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. ஆவுடைத்தாய் மைக்கைக் கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை வாசிக்கிறவள்தானே என்று அவரும் கொடுத்துவிட்டார்.

"முப்பிடாதி, கார்டிங்" என்று வாசித்து மூடியைத் திறந்து காட்டினாள். "வெள்ளை."

மறுபடி கைதட்டல். அவள் மற்ற மூடியைத் திறந்தாள்.

"ஆவுடைத்தாய். கார்டிங்ல பத்து வருசம் நின்னவ. அத விட்டு ஒம்பது வருசம் ஆச்சு. பீடி குடிச்சதில்ல. நீலம்." கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தாள். "நாலு மாசமா இத நான் மறைச்சிருக்கேன். கழுவப் போனவங்க செத்துட்டாங்கன்னு பயந்து மறைச்சேன். அவங்க சாகல. டாக்டரம்மாட்ட எல்லார் போன் நம்பரும் இருக்கு. இன்னைக்கு நான் போறேன்."

தண்டபாணி மைக்குக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பொன்னாடை ஒரு முனை தரையில் புரண்டுகொண்டிருந்தது.

பிறகு மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். நூல் சுற்றுகிற பகுதியில் இருக்கிற செல்லக்கிளி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, என்னுதையும் திரும்ப வாசிக்கணும்" என்றாள். "நான் குடுத்தது என் தங்கச்சியுது."

அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர். ஆவுடைத்தாய் வண்டி எத்தனை மணிக்கு என்று டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். ரெண்டு மணிக்கு என்று டாக்டர் விரலைக் காட்டினார்.

"நேரம் இருக்கு" என்றாள் ஆவுடைத்தாய். "எல்லாரும் வரிசையா வாங்க. மூடி யாருதுன்னு கேக்க மாட்டேன். உள்ள இருக்கறது யாருதுன்னு மட்டும் சொல்லுங்க."